உங்கள் சூடான காற்று எஞ்சின் முதன்முதலில் எப்போது ஓடியது?

நானே ஆரம்பிக்கிறேன். என்னுடையது ஓடுவதற்கு மூன்று மாதம் ஆனது. அதில் செய்வதற்கு ஆனது நாலு நாள்தான். மற்ற நாளெல்லாம் அது ஏன் ஓடவில்லை என்று முறைத்துப் பார்த்துக்கொண்டே போயிற்று.

இரண்டு தகர டப்பா, ஒரு பலூன், ஒரு சைக்கிள் ஸ்போக், மூன்று பழைய சிடி. மொத்தச் சாமானே இவ்வளவுதான். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை உருண்டையாகச் சுருட்டி, டப்பாவின் சுவரில் உரசாத அளவுக்கு அமுக்கினால் அதுதான் டிஸ்பிளேசர், உள்ளே இருக்கும் காற்றை இடம் மாற்றுகிற உருப்படி. கீழே மெழுகுவர்த்தி, மேலே தண்ணீர். டிஸ்பிளேசர் மேலே போகும்போது காற்று அதன் ஓரமாக நழுவிச் சூடான அடிப்பக்கத்துக்கு வந்து விரிகிறது, பலூன் புடைக்கிறது. டிஸ்பிளேசர் இறங்கும்போது காற்று குளிர்ந்த பக்கம் போய்ச் சுருங்குகிறது, பலூன் உள்வாங்குகிறது. உள்ளே இருக்கும் காற்று உள்ளேயேதான் இருக்கிறது. எரிபொருள் உள்ளே போவதில்லை, புகை வெளியே வருவதில்லை. கேட்க எவ்வளவு எளிமை!

மெழுகுவர்த்தி ஒன்றை மூன்றாக்கினேன். கிராங்க், அதாவது சக்கரத்தைச் சுற்றவைக்கும் வளைந்த கம்பி, அதன் கோணத்தைப் பாகைமானி வைத்து அளந்தேன். டிஸ்பிளேசர் பவர் பிஸ்டனுக்கு (இதில் பலூன்தான் அது) 90 டிகிரி முன்னால் போகவேண்டும், சரியாகத்தான் இருந்தது. சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்த்தேன். டிஸ்பிளேசர் கம்பி மூடியைத் துளைத்து வெளியே வரும் இடத்தில் மட்டும் ஒரு சின்னக் குமிழி. அங்கே பசை வைத்து ஒரு பித்தளைக் குழாயை இறுக்கமாகச் செருகினேன். கசிவு நின்றது, கூடவே எல்லாமும் நின்றது. அதுவரை கையால் சுற்றிவிட்டால் நாலைந்து சுற்றாவது போகும், இப்போது ஒன்றுகூடப் போகவில்லை.

விஷயம் அங்கேதான் இருந்தது. இந்த மாதிரி டப்பா எஞ்சினில் அழுத்தம் ஏறி இறங்குவது மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தை ஒரு இறுக்கமான துளையே விழுங்கிவிடும். பலூனைக் கழற்றிவிட்டு, தீ வைக்காமல், வெறும் சக்கரத்தை விரலால் தட்டிப் பார்த்தேன். பத்துச் சுற்றாவது தானாகப் போய் நிற்கவேண்டியது ஒரே சுற்றில் நின்றது. பித்தளைக் குழாயின் உள்பக்கத்தை நைஸ் உப்புத்தாளால் தேய்த்து, கம்பி தன் எடையிலேயே வழுக்கி இறங்கும்வரை விட்டேன். லேசாகக் கசிந்தது, கசியட்டும் என்று விட்டுவிட்டேன். அன்றிரவு ஒரே மெழுகுவர்த்தியில் ஓடியது. தக், தக், தக். தண்ணீர் வெந்நீராகும்வரை ஓடிவிட்டு நின்றது.

மற்றவர்கள் சொல்லுங்கள்.

* * *

அந்த வெந்நீர் விஷயத்தை நீங்கள் ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள் தம்பி. பாதிப் பேருடைய எஞ்சின் அங்கேதான் படுத்துக்கொள்கிறது. எல்லோரும் தீயைப் பெரிதாக்குகிறார்களே தவிர, எதிர்ப்பக்கம் குளிர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதில்லை. எஞ்சினுக்குத் தேவை இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசம். ஐந்து நிமிடத்தில் இரண்டு பக்கமும் சுட்டுவிட்டால் அது எதை வைத்து ஓடும்?

நான் லேத்தில் செய்கிற ஆள். என் முதல் எஞ்சினின் சூடான மூடியைப் பித்தளையில் தடிமனாகக் கடைந்து, சாதாரண ஈயப் பற்றாசு வைத்து ஒட்டினேன். அழகு என்றால் அப்படி ஒரு அழகு. ஸ்பிரிட் விளக்கைக் கீழே வைத்தேன். நன்றாகவே ஓட ஆரம்பித்தது, இரண்டு நிமிடத்தில் மூடி கழன்று விளக்கின் மேலேயே விழுந்தது. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு 183 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும் என்பது எனக்குத் தெரியாததில்லை. தெரிந்தேதான் செய்தேன், சின்ன விளக்குதானே என்ற அலட்சியம். பகல் வெளிச்சத்தில் ஸ்பிரிட் தீ கண்ணுக்கே தெரியாது. விளக்கு அணைந்துவிட்டது என்று நினைத்து மூடியை எடுக்கக் கையை நீட்டினேன். தழும்பு இன்னும் இருக்கிறது.

இப்போது மெல்லிய ஸ்டெயின்லெஸ் குழாய்தான். அது வெப்பத்தை அவ்வளவு சீக்கிரம் கடத்தாது, அதனால் சூடு சூடான பக்கத்திலேயே தங்கும். குளிர்ந்த பக்கத்துக்கு அலுமினியத்தில் வரிவரியாக இறக்கைகள் கடைந்துவிடுகிறேன். பற்றவைக்கவேண்டிய இடம் இருந்தால் வெள்ளிப் பற்றாசு.

சூடான பக்கம் தீய்ந்துபோவது நம் தலைவலி மட்டும் இல்லை. இந்த வகை எஞ்சினுக்கு 1816ல் காப்புரிமை வாங்கிய ராபர்ட் ஸ்டிர்லிங், ஸ்காட்லாந்தில் ஒரு பாதிரியார். அவருடைய தம்பி ஜேம்ஸ் பொறியாளர். டண்டீயில் ஒரு வார்ப்பு ஆலைக்கு 1843ல் பெரிய காற்று எஞ்சின் ஒன்றை வைத்தார். நன்றாக வேலை செய்தது, ஆனால் வார்ப்பிரும்பில் செய்த சூடான பாத்திரங்கள் அடுத்தடுத்துக் கெட்டுப்போய், சில ஆண்டுகளிலேயே அதை விட்டுவிட்டார்கள். அந்தக் காலத்து உலோகம் அவ்வளவுதான் தாங்கியது. என் மூடி விழுந்த அன்று இந்தக் கதைதான் எனக்கு ஆறுதல்.

இன்னொன்று. தம்பி இரும்பு நார் வைத்தது மெழுகுவர்த்தி ஒன்றிலேயே ஓடியதற்கு உதவியிருக்கும். காற்று நார் வழியாகக் குளிர்ந்த பக்கம் போகும்போது தன் சூட்டை நாரில் விட்டுவிட்டுப் போகும், திரும்பும்போது எடுத்துக்கொள்ளும். ஸ்டிர்லிங்கின் காப்புரிமையில் முக்கியமான சரக்கே இதுதான். இதற்கு அவர் வைத்த பெயர் எகனாமைசர், இப்போது ரீஜெனரேட்டர் என்கிறோம்.

* * *

எனக்குத் தீயே வேண்டாம் என்று வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் ஓடும் வகையைச் செய்தேன். அகலமான இரண்டு தட்டுகள், நடுவில் அக்ரிலிக் வளையம், உள்ளே தெர்மோகோல் டிஸ்பிளேசர், பவர் பிஸ்டனுக்குக் கண்ணாடி சிரிஞ்ச். 1980களில் இவோ கோலின் என்ற குரோவேஷியப் பேராசிரியர் இப்படிக் குறைந்த வெப்ப வித்தியாசத்தில் ஓட்டிக் காட்டினார். அப்புறம் ஜேம்ஸ் சென்ஃப்ட் அதை உள்ளங்கைச் சூட்டிலேயே ஓடும் அளவுக்குக் கொண்டுபோனார்.

இதில் சக்தி ரொம்பக் குறைவு என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்ளவேண்டும். 80 டிகிரி வெந்நீர், 30 டிகிரி அறை என்றால், கணக்குப்படி எந்த எஞ்சினாலும் அந்த வெப்பத்தில் 14 சதவீதத்துக்கு மேல் வேலையாக மாற்ற முடியாது. நாம் செய்வது அதன் பக்கத்தில்கூடப் போகாது. அதனால்தான் சிரிஞ்சில் ஒரு கைரேகை பட்டாலே நின்றுவிடுகிறது. சும்மா சொல்லவில்லை. தொட்டுவிட்டுப் பஞ்சால் துடைத்தபிறகுதான் மறுபடி ஓடியது.

மறக்க முடியாத நாள் எதுவென்றால், வெந்நீருக்குப் பதில் ஐஸ் கட்டித் தட்டின் மேல் வைத்த நாள். கீழே குளிர், மேலே அறைச் சூடு. வழக்கமான திசையில் சுற்றிவிட்டேன், நின்றது. மறுபடி சுற்றிவிட்டேன், மறுபடி நின்றது. எரிச்சலில் சக்கரத்தை எதிர்ப்பக்கம் தள்ளினேன், பிடித்துக்கொண்டு ஓடியது! சூடும் குளிரும் இடம் மாறினால் திசையும் மாறும் என்பது யோசித்தால் புரிகிற விஷயம்தான். அன்று நான் யோசிக்கவில்லை. என் மகள் எஞ்சினைத் தூக்கி, அடியில் பேட்டரி எங்கே என்று தேடினாள்.

ஒரு எச்சரிக்கை. காற்றில் ஈரம் இருக்கும் நாளில் ஐஸில் வெகுநேரம் ஓட்டினால் உள்ளே ஈரம் படிந்து, சிரிஞ்ச் ஒட்டிக்கொள்ளும். கழற்றிக் காயவிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

* * *

நான் செய்தவன் இல்லை, கிட் வாங்கியவன். எழுதலாமா என்று தயங்கினேன். பெட்டியில் வந்த தாளில் எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எஞ்சின் என்றால் எண்ணெய் போடவேண்டாமா என்று, கண்ணாடி சிலிண்டருக்குள் இருந்த கிராஃபைட் பிஸ்டனில் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன். அதோடு சரி. கிராஃபைட்டுக்கு அதன் சொந்த வழுக்கலே போதும், எண்ணெய் பட்டால் கருப்புப் பசைதான் மிச்சம். ஸ்பிரிட்டில் கழுவிக் கழுவி ஒரு வாரம் கழித்து ஓடியது. ஆனால் பழைய வேகம் வரவே இல்லை.

* * *

எண்ணெய் விஷயத்தில் நீங்கள் தனியாள் இல்லை. நான் சமையல் எண்ணெயே விட்டிருக்கிறேன்.

முதலில் சொன்ன என் டப்பா எஞ்சினுக்குப் பிறகு கோலிக்குண்டு எஞ்சினும் செய்தேன். டெஸ்ட் டியூபுக்குள் குண்டுகள், நடுவில் ஊசலாடும் அச்சு, ஒரு முனையில் சிரிஞ்ச். குண்டுகள் அங்குமிங்கும் உருளுவதே டிஸ்பிளேசர் வேலை. கிராங்க் இல்லை, சக்கரம் இல்லை, அரை மணி நேரத்தில் முடிந்தது. முதல் டியூப் சாதாரணக் கண்ணாடி, தீ பட்டதும் 'டிக்' என்று விரிசல் விட்டுவிட்டது. சூடு தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடி டியூபில் ஓடியது.

இப்போது கையில் இருப்பது தீயை விழுங்கும் எஞ்சின். பிஸ்டன் பின்னால் போகும்போது வால்வு திறந்து தீயையே உள்ளே உறிஞ்சும். வால்வு மூடியதும் உள்ளே இருக்கும் வாயு குளிர்ந்து சுருங்கும், வெளிக்காற்றின் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளிக்கொண்டு வரும். ஒவ்வொரு சுற்றுக்கும் 'ப்ளுக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காகவே செய்யலாம். தீ வால்வுத் துளைக்கு நேராக, ஆடாமல் நிற்கவேண்டும். அதனால் மின்விசிறியை நிறுத்தினால்தான் ஓடும். வீட்டில் அதற்கு ஐந்து நிமிடம்தான் அனுமதி.