லாப் ஸ்டீல் கிற்றாரின் கழுத்தும் ஒலியும்: அனுபவப் பகிர்வு

வெள்ளவத்தையிலிருந்து:

மடியில் கிடத்தி உருக்குத் துண்டால் வாசிக்கும் லாப் ஸ்டீல் கிற்றாரைச் செய்பவர்கள் கழுத்தைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை என்று பலரும் சொல்வதுண்டு. தந்தியை யாரும் பலகையோடு அழுத்துவதில்லை, உருக்குத் துண்டு தந்திகளின் மேலேயே வழுக்கிச் செல்கிறது, ஆகவே கழுத்து சிறிது வளைந்தாலும் பாதகமில்லை என்பது அவர்களது வாதம். வாசிக்கும் வசதியைப் பொறுத்தவரை அது சரியே. ஒலியைப் பொறுத்தவரை என் அனுபவம் வேறு.

மொறட்டுவை ஓடாவியார் ஒருவரிடம் வாங்கிய முதிரைப் பலகையில், கழுத்தும் உடலும் ஒரே துண்டாக ஒரு கிற்றார் செய்தேன். மற்றொன்றுக்கு உடல் மகோகனி. மெல்லிய கழுத்தைத் தனியே செதுக்கித் திருகாணிகளால் பொருத்தினேன். இரண்டிலும் தந்தி நீளம் 22.5 அங்குலம், தந்திகள் ஒரே வகை, தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் பிக்கப்பையும் ஒன்றிலிருந்து கழற்றி மற்றதில் பூட்டியே கேட்டேன். முதிரையில் திறந்த தந்தியின் (உருக்குத் துண்டு வைக்காமல் மீட்டும் தந்தியின்) நாதம் நீண்டு நின்றது. மகோகனியில் சில சுரங்கள் மட்டும் சட்டென அடங்கின. ஒரு தந்தியை முறுக்கிச் சுருதி சேர்த்தால் மற்றவை இறங்கின. ஆறு தந்திகளும் சேர்ந்து 50 கிலோவுக்கு மேல் இழுக்கும்போது மெல்லிய கழுத்து வளைவதும், தந்தியின் அதிர்வில் ஒரு பகுதியைத் தானே உறிஞ்சிக்கொள்வதும்தான் காரணம். ஆயினும் உருக்குத் துண்டை வைத்து வாசிக்கையில் இந்த வேறுபாடு வெகுவாகக் குறைந்தது. அப்போது தந்தியின் இடப்பக்க எல்லை, கழுத்தின் நுனியில் தந்திகளைத் தாங்கும் நட் அல்ல, கையும் அந்தத் துண்டுமே என்பதால் அது வியப்பில்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

ஐயா, உங்கள் ஒப்பீட்டில் மரமும் மாறியிருக்கிறது, இணைப்பும் மாறியிருக்கிறது, கழுத்தின் தடிப்பும் மாறியிருக்கிறது. எனவே ஒற்றைத் துண்டுதான் சிறந்தது என்று யாரும் இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. 1930களில் வந்த ரிக்கன்பேக்கர் நிறுவனத்தின் பேக்கலைட் (ஆரம்பகாலப் பிளாஸ்டிக்) மாதிரியில் கழுத்து தனியே திருகிப் பொருத்தப்பட்டதுதான். அதன் ஒலியை இன்றும் தேடித் திரிகிறார்கள். அதே நிறுவனத்தின் முந்தைய அலுமினிய வார்ப்புக் கிற்றாரில் கழுத்தும் உடலும் ஒன்றே; ஆனால் மேடை விளக்குகளின் சூட்டில் உலோகம் விரிந்து சுருதி கலைந்துவிடும். மின்சாரமின்றி மடியில் வைத்து வாசிக்கும் வைசன்போர்ன் கிற்றாரிலோ கழுத்தே உட்குழிவானது. அங்கே கழுத்தும் ஒலிப்பெட்டியின் ஒரு பகுதியாகிவிடுவதால் விறைப்பை மட்டும் வைத்து அதை அளவிட முடியாது.

நான் செய்த ஒன்றில், திருகிய கழுத்தின் அடிப்பாகத்தை உடலுக்குள் நீளமாக இறக்கி, இடையில் காகிதம்கூட நுழையாதபடி இழைத்த பிறகு, செத்துப்போன சுரங்கள் பெரும்பாலும் மீண்டன. மரத்தை மாற்றவில்லை. பிக்கப்பையும் தொடவில்லை. கொழும்பின் ஈரக்காற்றில் சரியாக உலராத பலகை மெல்ல முறுகி அந்த இடைவெளியை மறுபடியும் திறந்துவிடும் என்பதால், மரக்காலையில் பலகையை வாங்கியதும் வெட்டத் தொடங்காமல், காற்றோட்டமான அறையில் சில மாதங்கள் அடுக்கி வையுங்கள்.