சேவைக் கழகத்தின் ஐம்பதாண்டு மலர்: நிதி திரட்டிய வரலாற்றை எப்படி எழுதுவது?

கேள்வி: செந்தூல் செயலாளர், கோலாலம்பூர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வட்டாரச் சேவைக் கழகம் ஐம்பதாம் ஆண்டை எட்டவிருப்பதால், இதுவரை திரட்டிய நிதியையும் செய்த சமூகப் பணிகளையும் ஒரு மலராகத் தொகுக்கும் பொறுப்பைச் செயலவை என்னிடம் ஒப்படைத்துள்ளது. பழைய விருந்து நிகழ்ச்சிகளின் அழைப்பிதழ்களும், பெரிய மாதிரிக் காசோலையைப் பிடித்தபடி தலைவர்கள் நிற்கும் படங்களும் எங்களிடம் ஏராளமாக உள்ளன. ஆனால் தொடக்க ஆண்டுகளின் கூட்டக் குறிப்புகள் பல கிடைக்கவில்லை. ஆண்டு வாரியாகத் தலைவர் பெயரையும் திரட்டிய தொகையையும் அச்சிட்டால் போதும் என்று சிலர் கூறுகின்றனர். அப்படிச் செய்தால், இந்தக் கழகம் இந்த ஊருக்கு என்ன செய்தது என்று படிப்பவருக்கு விளங்காது என்பது என் எண்ணம். இத்தகைய மலரைத் தொகுத்த அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: முன்னாள் பொருளாளர், ஜார்ஜ்டவுன்

வணக்கம் அம்மா. உங்கள் எண்ணமே சரி. பினாங்கில் பல ஆண்டுகள் ஒரு சங்கத்தின் கணக்கைப் பார்த்தவன் என்ற முறையில் கூறுகிறேன்: ஒவ்வொரு தொகையும் எங்கே போய் நின்றது, அது என்னவாயிற்று, இன்றும் அதன் பயன் தொடர்கிறதா என்பதைத் தேடிப் பிடியுங்கள். மாதிரிக் காசோலைப் படம் இவற்றில் எதையும் சொல்லாது.

ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். இரத்தச் சுத்திகரிப்பு மையங்களுக்கு இயந்திரம் வாங்கித் தருவது நம் நாட்டுச் சேவைச் சங்கங்கள் விரும்பிச் செய்யும் பணி. ஒரு நல்ல விருந்து நிகழ்ச்சியில் மேசைக்கு இவ்வளவு என்று இருக்கைகளை விற்று ஓர் இயந்திரத்திற்கான பணத்தைத் திரட்டிவிடலாம். பொறுப்பு அதன் பிறகுதான் தொடங்குகிறது. சிறுநீரகம் செயலிழந்த ஒருவருக்குப் பொதுவாக வாரத்திற்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் சிகிச்சை தேவை. மாற்று சிறுநீரகம் கிடைக்கும்வரை அல்லது வாழ்நாள் முழுவதும் அது தொடர வேண்டும். தாதியர் சம்பளம், வடிகட்டிகள், நீரைத் தூய்மைப்படுத்தும் கருவியின் பராமரிப்பு ஆகிய செலவுகள் மாதந்தோறும் வந்துகொண்டே இருக்கும். ஆகவே ஒரு மையத்திற்குக் கைகொடுக்கத் தொடங்கிய சங்கம், ஆண்டுக்கொரு விருந்து வைக்கும் அமைப்பாக இருந்தது போய், மாதச் சந்தாதாரர்களைத் திரட்டும் அமைப்பாக மாறியாக வேண்டும். அந்த மாற்றம் உங்கள் கழகத்தில் எந்த ஆண்டில், யாருடைய வற்புறுத்தலால் நிகழ்ந்தது என்று எழுதினால் அதுவே மலரின் மிகச் சிறந்த பக்கமாக அமையும்.

தமிழ்ப்பள்ளிகளுக்குத் தந்த நிதியும் இவ்வாறு விளக்கம் தேவைப்படுவதுதான். அரசாங்கத்தின் பகுதி உதவி பெறும் பள்ளிகளில் ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் ஏற்றாலும், நிலமும் கட்டடமும் அதன் உடைமை அல்ல என்பதால், கூடுதல் வகுப்பறைக்கோ மண்டபத்திற்கோ பள்ளி மேலாளர் வாரியமும் பெற்றோரும் பொதுமக்களிடம் கையேந்த வேண்டியிருந்தது. இதைச் சொல்லாமல் “பள்ளிக்கு நன்கொடை வழங்கினோம்” என்று மட்டும் எழுதினால், அந்த நன்கொடை ஏன் தேவைப்பட்டது என்பது இன்றைய இளைஞருக்குப் புரியாது.

தொகைகளைப் பற்றி இன்னொன்றையும் சேர்க்கிறேன். எழுபதுகளில் திரட்டிய ஆயிரம் வெள்ளியையும் (ரிங்கிட்) இன்றைய ஆயிரம் வெள்ளியையும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து வைத்தால், அன்று உழைத்தவர்களின் உழைப்பு சிறுத்துத் தெரியும். அந்தப் பணம் அப்போது எத்தனை மாணவர்களின் பேருந்துக் கட்டணத்தை அல்லது எத்தனை மூக்குக் கண்ணாடிகளை ஈடுகட்டியது என்று எழுதுங்கள்.

பதில் 2: ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், பிரிக்ஃபீல்ட்ஸ்

பொருளாளர் ஐயா கூறியதை ஏற்கிறேன். ஆவணங்களை எங்கே தேடலாம் என்பதை மட்டும் நான் சேர்க்கிறேன்.

1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்படி பதிவு பெற்ற ஒவ்வோர் அமைப்பும் ஆண்டுப் பொதுக்கூட்டத்திற்குப் பின் பதிவிலாகாவிற்கு ஆண்டறிக்கையும் கணக்கும் அனுப்ப வேண்டும். கூட்டக் குறிப்பு தொலைந்திருந்தாலும், முன்னாள் செயலாளர்கள், கணக்காய்வாளர்கள் வீடுகளில் அவற்றின் நகல்கள் இருக்கக்கூடும். அதேபோல், வீடு வீடாகவும் தெருவிலும் நிதி திரட்டுவதை ஒழுங்குபடுத்தும் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கொடிநாளுக்கும் உண்டியல் வசூலுக்கும் காவல்துறையின் உரிமம் பெற வேண்டியிருந்ததால், பழைய கோப்பில் ஓர் உரிமத் தாள் அகப்பட்டால் வசூல் நடந்த நாளையும் இடத்தையும் உறுதி செய்துகொள்ளலாம். நாளிதழ்களையும் விடாதீர்கள். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன ‘தமிழ் நேசன்’ இதழில் இத்தகைய வட்டாரச் செய்திகளைத் தேடிப் பார்ப்பது பயனளிக்கும்.

உலகச் சங்கங்களோடு தொடர்புடைய பணியாக இருந்தால் அதன் வேரையும் ஒரு பத்தியில் காட்டலாம். பினாங்கில் ரோட்டரி சங்கம் 1930இல் உருவானது. கனடாவைச் சேர்ந்த ஜேம்ஸ் டேவிட்சன் கீழை நாடுகள் வழியே மேற்கொண்ட நெடும் பயணத்தின் பயன் அது. லயன்ஸ் சங்கங்கள் எங்கு சென்றாலும் கண் சிகிச்சை முகாம் நடத்துவதற்கு, பார்வையும் செவித்திறனும் இழந்த எழுத்தாளர் ஹெலன் கெல்லர் 1925இல் லயன்ஸ் உறுப்பினர்களிடம் விடுத்த வேண்டுகோளே அடிப்படை. இளம்பிள்ளைவாத ஒழிப்புக்கான ரோட்டரியின் உலகளாவிய இயக்கம் 1985இல் தொடங்கியது. மலேசியா அடங்கிய மேற்குப் பசிபிக் வட்டாரம் 2000இல் அந்நோயற்றதாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் 2019 டிசம்பரில் நம் சபா மாநிலத்தில் ஒரு குழந்தைக்கு அந்நோய் கண்டறியப்பட்டது. முன்பு சொட்டு மருந்துக்காக நிதி திரட்டியவர்களின் பணி ஏன் இன்னும் முடியவில்லை என்பதை உங்கள் வாசகர் இதிலிருந்து உணர்வார்.

மலர் அச்சானதும் தேசிய நூலகத்திற்குப் படிகளை மறவாமல் அனுப்புங்கள். 1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம் பதிப்பாளர்களிடம் அதைக் கோருகிறது.

பதில் 3: மகளிர் பிரிவு உறுப்பினர், பட்டர்வொர்த்

சகோதரி, ஒரு வேண்டுகோள். பழைய அறிக்கைகளில் தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்களே இருக்கும். உணவுச் சந்தைக்கு விடியற்காலையில் எழுந்து பலகாரம் செய்தவர்களும், நுழைவுச்சீட்டுகளை வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றவர்களும் பெரும்பாலும் உறுப்பினர் பட்டியலிலேயே இடம்பெறாத பெண்கள். அவர்களில் முதுமை எய்தியவர்களை முதலில் பேட்டி காணுங்கள். கேள்வியை மட்டும் கேட்டால் “எல்லாம் மறந்துபோச்சு” என்பார்கள். பழைய படங்களைக் கையில் கொடுத்தால் யார் யார் எங்கே நின்றார்கள் என்று அவர்களே சொல்லத் தொடங்குவார்கள்.

செந்தூல் செயலாளர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஓர் ஐயம் எஞ்சியுள்ளது. நாங்கள் தொடங்கிய இலவசக் கூடுதல் வகுப்பு சில ஆண்டுகளில் நின்றுவிட்டது. அதை மலரில் சேர்க்க வேண்டாம் என்று செயலவையில் சிலர் கருதுகின்றனர்.

முன்னாள் பொருளாளர், ஜார்ஜ்டவுன்

சேருங்கள் அம்மா. எந்த ஆண்டில் தொடங்கியது, எத்தனை பிள்ளைகள் படித்தார்கள், ஆசிரியர் கிடைக்காததால் நின்றதா பணம் போதாததால் நின்றதா, கையிருப்பில் எஞ்சிய தொகை எந்தப் பணிக்கு மாற்றப்பட்டது என்பவற்றை மறைக்காமல் எழுதுங்கள். நன்கொடை தந்தவர்களின் பிள்ளைகளும் அந்த மலரைப் படிப்பார்கள். அந்தக் கணக்கைக் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.