.44 ஸ்பெஷல் தோட்டா மறுபடியும் பேசப்படுவது ஏன்?

கேள்வி:
அமெரிக்கச் சுழல்துப்பாக்கிகளின் வரலாற்றைப் படித்து வருகிறேன். 1907 வாக்கில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் கொண்டுவந்த .44 ஸ்பெஷல் தோட்டா, 1955-இல் .44 மேக்னம் வெளிவந்ததோடு வழக்கொழிந்துவிட்டது என்றே பல கட்டுரைகள் முடித்துவிடுகின்றன. ஆனால் அதற்கென்றே புதிய துப்பாக்கிகள் இன்றும் தயாராகின்றன. மேக்னம் துப்பாக்கியிலேயே ஸ்பெஷல் தோட்டாவையும் சுடலாம் என்னும்போது தனித் துப்பாக்கி எதற்கு? பழமை மீதுள்ள பற்றுதான் காரணமா?

மறுமொழி 1:
பற்று ஓரளவுக்கு உண்டு. முதன்மையான காரணம் எடை. மேக்னம் தோட்டாவின் பித்தளை உறை ஸ்பெஷலைவிட ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான் நீளம். ஆனால் அதற்கு அனுமதிக்கப்பட்ட அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 36,000 பவுண்டு. ஸ்பெஷலுக்கோ 15,500 மட்டுமே. இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருப்பதால், ஆறு தோட்டா கொள்ளும் வழக்கமான மேக்னம் துப்பாக்கி ஒரு கிலோவைத் தாண்டிவிடுகிறது. ஸ்பெஷலுக்கு மட்டும் என்று வடிவமைத்தால், தோட்டாக்களை ஏந்திச் சுழலும் உருளையில் ஐந்து அறைகளோடு நிறுத்திக்கொண்டு, இடுப்பில் நாள் முழுவதும் சுமக்கக்கூடிய அளவுக்குள் செய்துவிடலாம். 1973-இல் சார்ட்டர் ஆர்ம்ஸ் நிறுவனம் வெளியிட்ட புல்டாக் துப்பாக்கி சுமார் அரைக் கிலோதான் இருந்தது. ரூகர் நிறுவனம் பின்னாளில் தன் நடுத்தர அளவு ஜிபி100 துப்பாக்கியை ஐந்து அறைகளுடன் இதே தோட்டாவுக்குச் செய்ததும் இந்தக் கணக்கின்படிதான்.

மறுமொழி 2:
மேலே உள்ளவர் சொன்னதை ஏற்கிறேன். இந்தத் தோட்டா ஏன் குறைத்து மதிப்பிடப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கரும்பொடிக் (பழைய, புகை மிகுந்த வெடிமருந்து) காலத்து .44 ரஷ்யன் தோட்டாவின் உறையை நீட்டித்துப் பிறந்தது இது. தோட்டா ஆலைகளோ அந்தப் பழைய தோட்டாவின் வேகத்தை ஒட்டியே இதையும் நிரப்பின. சுமார் 16 கிராம் ஈயக் குண்டு, நொடிக்கு 230 மீட்டர் வேகம், அவ்வளவுதான். உறைக்குள் இடம் மீதமிருந்தும் யாரும் அதைப் பயன்படுத்தவில்லை.

அதைப் பயன்படுத்தியவர் துப்பாக்கிகளைப் பற்றி எழுதிவந்த எல்மர் கீத். 1920-களில் .45 கோல்ட் துப்பாக்கிகளில் கனமான நிரப்புகளை (தோட்டாவில் இடும் மருந்து, குண்டு ஆகியவற்றின் சேர்க்கை) சோதித்து, உருளை வெடித்துச் சிதறிய பிறகு அவர் .44 ஸ்பெஷலுக்கு மாறினார். அதே அளவு உருளையில் சற்றே சிறிய துளை போடுவதால் அறைகளுக்கிடையே உலோகச் சுவர் கூடுதல் தடிமனாக அமைகிறது என்பதே காரணம். தம் நிரப்புகளை ஆலைகளும் தயாரிக்க வேண்டும் என்று அவர் பல ஆண்டுகள் வற்புறுத்தியதன் விளைவாக, தோட்டா தயாரிக்கும் ரெமிங்டன் நிறுவனமும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் சேர்ந்து உருவாக்கியதுதான் மேக்னம். தமக்குப் பிடித்த தோட்டாவை அவரே ஓரங்கட்டிவிட்டார் என்று சொன்னால் அது மிகையாகாது. மேக்னம் வந்தபின் அவரும் அதற்கே மாறிவிட்டார்.

மறுமொழி 3:
இந்தத் தோட்டா மறுபடியும் பேசப்படுவதை "மீட்சி" என்று சொல்வதில் சற்றுத் தயக்கம் நல்லது. இது பெரும்பாலும் தோட்டாவைத் தாமே நிரப்பிக்கொள்பவர்களின் விருப்பமாகவே நீடிக்கிறது. கடையில் வாங்கிப் பயிற்சி செய்பவருக்கு .38 ஸ்பெஷல் மலிவு, அதைச் சுடும் .357 மேக்னம் துப்பாக்கியில் ஆறு அல்லது ஏழு அறைகள் கிடைக்கின்றன. ஒரு எச்சரிக்கையும் தேவை: தடித்த உருளைகொண்ட துப்பாக்கிக்காகக் கீத் எழுதிவைத்த நிரப்புகளைப் புல்டாக் போன்ற இலகுவான துப்பாக்கியில் பயன்படுத்துவது ஆபத்து. தோட்டாவின் பெயர் ஒன்றுதான் என்பதால் எல்லாத் துப்பாக்கிகளும் ஒரே அழுத்தத்தைத் தாங்கும் என்று எண்ணக் கூடாது.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. அப்படியானால், மேக்னம் வராமல் இருந்திருந்தால் ஸ்பெஷலுக்கான நடுத்தர அளவு துப்பாக்கிகள் முன்பே வந்திருக்குமா?

மறுமொழி 2 எழுதியவர்:
வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். 1955-இல் வெளிவந்த ரூகரின் முதல் பிளாக்ஹாக் சுழல்துப்பாக்கி .357-க்கு ஏற்ற நடுத்தரச் சட்டகத்தில்தான் (உருளையைத் தாங்கும் உடற்பகுதி) அமைந்திருந்தது. அந்தச் சட்டகம் .44 ஸ்பெஷலுக்கும் போதுமானது. ஆனால் மறு ஆண்டே .44 மேக்னத்துக்காக ரூகர் சட்டகத்தையும் உருளையையும் பெரிதாக்கியது. நடுத்தரச் சட்டகத்தில் .44 ஸ்பெஷல் பிளாக்ஹாக் கடைக்கு வர அரை நூற்றாண்டுக்கும் மேலானது. வந்தபோது, அதற்காகக் காத்திருந்தவர்கள் பலர் முதுமையை எட்டியிருந்தார்கள்.