சி30 + சி36: கெட்டியான பிறகும் கலவை பிரியுமா?

மெழுகுப்பூச்சி:
30 கார்பன் உள்ள நேர்ச்சங்கிலி ஆல்கேனையும் (மெழுகு வகை ஹைட்ரோகார்பன், சி30) 36 கார்பன் உள்ளதையும் (சி36) சம அளவில் உருக்கி வேகமாகக் குளிர்வித்தேன். உடனே டி.எஸ்.சி. (சூடேற்றும்போது மாதிரி உறிஞ்சும் வெப்பத்தை அளக்கும் சோதனை) போட்டதில் அகலமாக ஒரே முகடு, அதாவது திண்மக் கரைசல்: இரண்டும் ஒரே படிகத்துக்குள் கலந்திருக்கின்றன. அதே மாதிரியை அறை வெப்பநிலையில் சும்மா வைத்திருந்து மறுபடி போட்டால் வடிவமே மாறிவிட்டது, எக்ஸ்ரேயிலும் புதுக் கோடுகள். தனித்தனியாக என்றால் சி30 66 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகும், சி36 76-ல். உருகாமல், கரைப்பானும் இல்லாமல், இவ்வளவு நீளச் சங்கிலிகள் எப்படி இடம் மாறும்? மாதிரியில் அசுத்தமா?

படிகப்பித்து:
அசுத்தம் இல்லை, இந்த ஜோடி இதற்குப் பேர்போனது. சங்கிலி நீளம் ஒரு கார்பனுக்குச் சுமார் 1.27 ஆங்ஸ்ட்ராம் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) என்றால் ஆறு கார்பனுக்கு ஏழரைக்கு மேல் வருகிறது. அடுக்கின் ஓரத்தில் குட்டைச் சங்கிலி விட்ட அந்த இடைவெளியை நிரப்பப் பக்கத்து நெட்டைச் சங்கிலியின் நுனி மடங்கியாக வேண்டும். உருகுநிலைக்குச் சற்றுக் கீழே, சங்கிலிகள் தம் நீள அச்சைச் சுற்றித் திரும்பிக்கொண்டிருக்கும் சுழல் கட்டத்தில் அதற்குத் தாராளமாக இடம் உண்டு. குளிர்ந்து செஞ்சாய்சதுரப் பொதிவுக்கு (சங்கிலிகள் திரும்பாமல் நெருக்கமாக அடுங்கும் படிக அமைப்புக்கு) வந்ததும் எல்லாம் இறுகிவிடும், மடங்கலுக்கு ஆற்றல் அதிகம் செலவாகும். நீங்கள் வேகமாகக் குளிர்வித்ததால் கலந்தபடியே மாட்டிக்கொண்டன, அவ்வளவுதான்.

மெழுகுப்பூச்சி:
மாட்டிக்கொண்டது புரிகிறது. அப்புறம் எப்படி நகர்கின்றன?

நிறமாலைக்காரன்:
பக்கவாட்டில் முட்டி மோதி அல்ல, உறையிலிருந்து கத்தி வருவது போல நீளவாக்கில் வழுக்கி அடுத்த அடுக்குக்குள் போகின்றன என்பதே பொருத்தமான விளக்கம். நகர்வது திண்மத்துக்குள்ளேயே என்பதில் சந்தேகம் வேண்டாம், அகச்சிவப்பில் பார்த்திருக்கிறார்கள். இரண்டில் ஒன்றை, அடையாளம் பிரித்துக் காண, டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றியதாக எடுத்துக்கொள்வார்கள். அண்டைச் சங்கிலிகள் ஒரே வகையாக இருந்தால்தான் 1465 செ.மீ⁻¹ வாக்கில் இருக்கும் சி.எச்.2 அதிர்வுப் பட்டை இரண்டாகப் பிளக்கும், நன்றாகக் கலந்திருந்தால் பிளக்காது. அறை வெப்பநிலையில் வைத்திருக்க வைத்திருக்க அந்தப் பிளவு விரிகிறது, அதாவது ஒரே இனத் திட்டுகள் வளர்கின்றன. முதலில் உருவாகும் திட்டுகள் மிகச் சிறியவை, எக்ஸ்ரேயை மட்டும் நம்பினால் தொடக்கம் கண்ணில் படாது.

படிகப்பித்து:
ஆமாம். ஒன்று சேர்க்கிறேன்: நீள வித்தியாசம் குறையக் குறையப் பிரியும் உந்துதலும் குறையும். பெட்ரோலிய மெழுகில் நீளங்கள் ஒவ்வொரு கார்பனாக வரிசையாகக் கூடிக்கொண்டே போவதால் இடைப்பட்டவை ஓரத்தைச் சமாளித்துவிடுகின்றன, அதை வைத்து உங்கள் இரட்டைக் கலவையைக் கணிக்கப் பார்க்காதீர்கள். கட்ட வரைபடம் (எந்தக் கலவை விகிதத்தில், எந்த வெப்பநிலையில் எந்தக் கட்டம் என்று காட்டும் படம்) போடப் போகிறீர்கள் என்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் மாதிரியின் வயதையும் குளிர்வித்த வேகத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். பழைய வரைபடங்கள் பலவற்றில் அது இல்லாமல் ஒப்பிடவே முடிவதில்லை.