புதுப்பிப்பு: துணி உலர்த்தியின் வெப்ப உணரியும் காற்றோட்டமும்

துணிகள் ஈரமாக இருக்கும்போதே உலர்த்தி சூடாவதை நிறுத்திவிடுகிறது என்றும், வெப்ப உணரி பழுதாகியிருக்கலாம் என்றும் முன்பு எழுதியிருந்தேன். மின் இணைப்பைத் துண்டித்து, உணரியைக் கழற்றி மல்டிமீட்டரால் அளந்தபோது, அறை வெப்பநிலையில் அதற்குரிய 10 கிலோ ஓம் மின்தடையையே காட்டியது. கைக்குள் வைத்துச் சூடேற்றியதும் இவ்வகை உணரியில் எதிர்பார்ப்பதுபோலவே அந்த மதிப்பு சீராகக் குறைந்ததால், உணரியை மாற்றத் தேவையில்லை. அடைப்பு இருந்தது வெளியேற்றுக் குழாயில்தான்: இயந்திரத்தின் பின்புறம் நசுங்கிய வளைவில் பஞ்சுத்தூசி அடைத்துக்கொள்ள, சூடான ஈரக்காற்று வெளியேற வழியின்றித் தேங்கியதால், உணரி அந்த மிகை வெப்பத்தைச் சரியாகவே கண்டறிந்து, துணி உலர்வதற்கு முன்பே சூடேற்றியை நிறுத்தச் செய்திருக்கிறது. தேங்கிய பஞ்சு தீப்பற்றக்கூடியது என்பதால், வடிகட்டியை மட்டும் துடைத்துவிட்டு நின்றுவிடாமல் குழாயையும் கழற்றிப் பார்க்குமாறு அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன். நெளிகுழாயை அகற்றி, வளைவுகள் குறைந்த உலோகக் குழாயைப் பொருத்தியபின், கனமான துண்டுகளும் ஒரே சுற்றில் உலர்ந்துவிடுகின்றன.