கிராஸ் கன்ட்ரி ஸ்கீ: பிள்ளைகளுக்கு எந்தச் சொல்?

மடல் 1

அனைவருக்கும் வணக்கம்.

ஆண்டிறுதி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து பனிநாடு போகும் தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கான கையேடு தலைப்பிலேயே நிற்கிறது. நீண்ட பலகைகளைக் காலில் மாட்டிப் பனிவெளியில் போகும் ‘கிராஸ் கன்ட்ரி ஸ்கீ’க்கு வரைவில் இருக்கும் ‘நாடுகடந்த பனிச்சறுக்கு’ என்பதை எடுத்துவிட வேண்டும். படித்ததும் குடிநுழைவுச் சோதனைச்சாவடிதான் நினைவுக்கு வரும். மூலச்சொல்லில் வரும் ‘கன்ட்ரி’ நாடு அல்ல. மேடும் வயலும் தோப்பும் சேர்ந்த திறந்தவெளி. சீனத்தில் ‘யுவெயே ஹுவாசுவெ’, அதாவது வெட்டவெளி தாண்டும் பனிச்சறுக்கு. மலாயில் ‘மெரெந்தாஸ் டேசா’ எனப்படும் ஓட்டத்துக்கு மலேசியத் தமிழ்ப் பள்ளிகளில் ‘குறுக்கோட்டம்’ நன்றாக நிலைத்துவிட்டது. அதே வழியில் ‘குறுக்குச்சறுக்கு’ என்று வைக்கலாமா?

தொகுப்பாளர், ஈசூன்

மடல் 2

வணக்கம் அண்ணே.

‘குறுக்கு’ என்றால் பிள்ளைகளுக்குக் குறுக்குவழிதான். இந்த விளையாட்டோ சுற்றிச் சுற்றிப் போவது. நார்வேக்காரர்கள் ‘லாங்ரென்’ என்கிறார்கள், ஜெர்மானியர் ‘லாங்லாவ்ஃப்’ என்கிறார்கள். இரண்டுக்கும் நெடிய ஓட்டம் என்றே பொருள். அதற்காக ‘நெடுஞ்சறுக்கு’ என்றும் வைக்க முடியாது, ஏழு வயதுப் பிள்ளை ஒரு கூடைப்பந்துத் திடல் அளவு இடத்தில்தான் முதல் நாள் முழுக்க விளையாடும்.

உடம்பு என்ன செய்கிறது என்பதிலிருந்து சொல் பிறக்கட்டும். மலைச்சரிவு ஸ்கீயில் குதிகால் பலகையோடு பூட்டப்படும். இதில் காலணியின் முனை மட்டும் மாட்டியிருக்கும், குதிகால் எழும்பும். பலகையின் நடுப்பகுதி வில்போல் மேலே வளைந்திருக்கும். அதன் அடியில் மீன்செதில் போன்ற வெட்டுகள். ஒரு காலில் முழு எடையும் இறங்கும்போது வில் அமுங்கி, செதில் பனியைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடியில் உந்தினால் மற்றக் கால் சறுக்கிப் போகும். இரு காலிலும் எடை பிரிந்தால் செதில் பனியில் அழுந்தாது.

வாடகைக் கடையில் இதைச் சோதிக்க ஒரு தாள் போதும். சமதரையில் பிள்ளையை இரு பலகைமீதும் நிற்கவைத்து, பாதத்துக்கு அடியில் தாளை நுழைத்து முன்னும் பின்னும் இழுங்கள். தாராளமாக நகர வேண்டும். பிறகு ஒரே பலகையில் எடை முழுவதையும் போடச் சொல்லுங்கள். தாள் சிக்கிக்கொள்ள வேண்டும். சிக்கவில்லையா, பலகை அந்தப் பிள்ளைக்கு மிக விறைப்பு. மேட்டில் காலை வைக்கும்போதெல்லாம் பின்னால் போகும், அரைமணியில் அழுகை வரும். ‘வளரும் பிள்ளைதானே’ என்று பெரிய அளவு வாங்குவதால் வருவது இது. தொடக்கத்துக்குப் பிள்ளையின் உயரமளவு நீளம் போதும்.

ஆக, பாதி வேலை நடை. ஜப்பானியர் இதைத்தான் ‘அருகு சுகீ’, நடக்கும் ஸ்கீ, என்கிறார்கள். சப்போரோவின் நகாஜிமா பூங்காவில் குளிர்காலத்தில் இதற்கென்றே தடம் இருக்கிறது. என் சொல்: நடைச்சறுக்கு.

பயிற்றுநர், தெம்பனிஸ்

மடல் 3

நல்ல சொல். ஒற்று பற்றி ஐயம் வரும் முன் சொல்லிவிடுகிறேன். ‘நடையும் சறுக்கும்’ என்று உம்மைத்தொகையாகக் கொண்டால் வல்லினம் மிகாது, ‘நடைசறுக்கு’ என்றே எழுத வேண்டும். நீங்கள் விளக்கியபடி நடையால் உண்டாகும் சறுக்கு என்பதால் ‘ச்’ வரும். வந்தே ஆக வேண்டும். அந்த ஒற்றுதான் விளையாட்டின் இயக்கத்தைச் சொல்கிறது.

இன்னொன்று. ‘ஆனைக்கும் அடி சறுக்கும்’ என்று வளர்ந்த நமக்குச் சறுக்கு என்பதே தவறி விழுவதுதான். கையேட்டில் இரண்டையும் பிரித்துவிடுவோம்: வேண்டிப் போவது ‘சறுக்கு’, வேண்டாமல் பின்னால் போவது ‘வழுக்கல்’. கையில் பிடிப்பதை வரைவில் ‘ஊன்றுகோல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது தாத்தா கையில் இருப்பது. ‘உந்துகோல்’ பொருத்தமாக இருக்கும்.

தமிழாசிரியை, ஜூரோங்

மடல் 4

நன்றி டீச்சர். ‘உந்துகோல்’ இருக்கட்டும், ஆனால் அந்தச் சொல் மூன்றாம் பாடத்துக்குமுன் வரக்கூடாது. கோலைக் கொடுத்தால் பிள்ளை அதில் சாய்ந்துகொள்ளும், சமநிலை கால்களுக்கு வராது. முதல் பாடத்தில் ஒரே ஒரு பலகை. நம் பிள்ளைகளுக்கு ஸ்கூட்டர் உதைப்பது தெரியும், அதே அசைவு. பத்து நிமிடத்தில் காலை மாற்றிக்கொள்ளட்டும். பிறகு இரண்டு பலகை, கோலில்லாமல் ‘ஓடிப்பிடித்து’, ‘கல்லா மண்ணா’. கோல் தரும் நாளில் அக்குள் உயரம் பார்த்துத் தாருங்கள். கையை வாரின் கீழிருந்து மேலே நுழைத்து, வாரையும் பிடியையும் சேர்த்துப் பற்ற வேண்டும்.

விழுந்தால் எழும் முறைக்குப் ‘கரப்பான்பூச்சி’ என்று பெயர் வைக்கலாம்: மல்லாந்து, கால் இரண்டையும் தூக்கிப் பலகைகளைப் பிரித்து, பக்கவாட்டில் சாய்ந்து, சரிவுக்குக் குறுக்காக இணையாக வைத்து, முழங்காலிட்டு எழ வேண்டும். விளையாட்டுக்கு முன்பே இதைப் பழக்குங்கள். இல்லாவிட்டால் ஆறு பிள்ளைக்கு ஒரு பெரியவர் இருந்தாலும் தூக்கிவிடவே நேரம் சரியாகிவிடும்.

பலகைகளை விரித்து மேடு ஏறினால் பனியில் மீன்முள் தடம் விழும். ‘மீன்முள் ஏற்றம்’ என்பேன். செதில், முள் இரண்டும் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுத் தட்டிலேயே தெரியும். முனைகளைச் சேர்த்து வேகம் குறைப்பதற்குக் ‘கலப்பை’ வேண்டாம், இங்கே எந்தப் பிள்ளையும் பார்த்ததில்லை. ‘ஆப்பு’ சரியான வடிவம்தான், ஆனால் வகுப்பே சிரிக்கும். ‘முக்கோண நிறுத்தம்’ போடுங்கள்.

இரண்டு குறைகளைக் கையேட்டில் தடித்த எழுத்தில் சேருங்கள். காலணி மாட்டவில்லை என்றால் பெரும்பாலும் முனைக்கம்பியைச் சுற்றிப் பனி இறுகியிருக்கும். கோல்முனையால் சுரண்டினால் ‘க்ளிக்’ என்று பூட்டும். புதுப்பனி சுழியம் பாகையை ஒட்டி இருந்தால் செதிலில் கட்டியாக ஒட்டி, பிள்ளை குதிகால் செருப்புப் போட்டதுபோல் நிற்கும். புறப்படும் முன்பே ஒட்டாமல் தடுக்கும் திரவ மெழுகைப் பூச வேண்டும்.

உடை பற்றி ஒரு வரி: பருத்திச் சட்டை வேண்டாம். வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, நின்றதும் நடுங்கவைக்கும்.

பயிற்றுநர், தெம்பனிஸ்

மடல் 5

அண்ணனாக ஒப்புக்கொள்கிறேன், ‘குறுக்குச்சறுக்கு’ போகட்டும். அட்டையில் ‘நடைச்சறுக்கு’.

தொடக்கக் குழுவுக்கு ‘முயல்குட்டி’ என்று பெயரிடலாமா? கனடாவில் இந்த விளையாட்டின் பிள்ளைகள் திட்டத்துக்கே ‘ஜாக்ராபிட்’, அதாவது ஒருவகை முயல், என்று பெயர். 1875இல் நார்வேயில் பிறந்து 111 வயது வரை வாழ்ந்து, கனடாவில் இந்த விளையாட்டைப் பரப்பிய ஹெர்மன் ஸ்மித்-ஜோஹான்சனின் பட்டப்பெயர் அது. மீன்முள், கரப்பான்பூச்சி, முயல் எல்லாம் ஒரே பக்கத்தில் வரும். படம் வரைபவரிடம் இன்றே சொல்லிவிடுகிறேன். தாள் சோதனைக்கும் ஒரு படம் வேண்டும் தம்பி, பக்கவாட்டிலிருந்து, வில் அமுங்குவது தெரிகிற மாதிரி.

தொகுப்பாளர், ஈசூன்