மறு: ‘போலிப் பார்க்கின்சன்’ – வேறு சொல் வேண்டும்

வணக்கம் ஐயா,

பார்க்கின்சன் நோய்போலவே நடுக்கம் தரக்கூடிய, ஆங்கிலத்தில் functional neurological disorder எனப்படும் கோளாறுக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். உங்கள் மடலில் எழுதியிருந்தீர்கள்:

> ‘போலிப் பார்க்கின்சன்’ என்றே வைத்துக்கொள்ளலாம். சுருக்கமாகவும் இருக்கிறது, யாருக்கும் புரியும்.

புரியும், அதுதான் சிக்கலே. கை நடுங்க உட்கார்ந்திருப்பவரிடம் ‘போலி’ என்றால் அவர் காதில் ‘பாசாங்கு’ என்றுதான் விழும். நடுக்கம் அவர் வரவழைப்பதில்லை, அவரை மீறி வருகிறது. பார்க்கின்சனில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளை உயிரணுக்கள் அழிகின்றன. இங்கே அந்த அழிவு இல்லை, இயக்கத்தை மூளை நடத்தும் விதம்தான் கெட்டிருக்கிறது.

இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. உங்கள் மடலில் ‘பார்க்கின்சன் அல்லது இது’ என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம். உண்மையான பார்க்கின்சன் உள்ளவருக்கு இதுவும் கூடச் சேர்ந்து வருவதுண்டு. சிலருக்குப் பார்க்கின்சன் தெரியவரும் முன்பே இது தலைகாட்டுவதும் உண்டு. அப்போது என்ன எழுதுவோம், ‘பார்க்கின்சனுடன் கூடிய போலிப் பார்க்கின்சன்’ என்றா? பிரித்துச் சொல்ல வழியில்லாவிட்டால் எல்லாம் பார்க்கின்சன் கணக்கில் போய், அதற்குத் தரும் லெவோடோபா மருந்தின் அளவு வீணாக ஏறும்.

சரி, இருக்கிற சொற்களைப் பார்ப்போம். functional என்பதற்குத் ‘தொழிற்பாட்டு’ என்றால் வேலை பார்த்து வந்த நோய் என்று பாதிப் பேர் நினைப்பார்கள். ‘இயக்கக் கோளாறு’ பார்க்கின்சன் வகையறாவுக்கே வேண்டும்; தவிர, மரத்துப்போவது, பார்வை மங்குவது, வலிப்புபோல் வருவது எல்லாம் நாம் பெயர் தேடும் கோளாறில் அடக்கம். ‘உளவழி நடுக்கம்’ பழைய நோக்கு. மன அழுத்தம் ஒன்றைக் காரணமாகக் காட்டியே ஆகவேண்டும் என்ற நிபந்தனையை அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 2013 கையேடே எடுத்துவிட்டது.

மருத்துவர் செய்யும் சோதனையிலிருந்தே சொல்லைப் பிடிக்கலாம் என்று தோன்றுகிறது. நோயாளி கையை மடியில் வைத்துக்கொண்டு நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துச் சொல்ல வேண்டும். பார்க்கின்சன் நடுக்கம் என்றால் கணக்குப் போடப் போடப் பெரும்பாலும் கூடும். இந்த நடுக்கமோ கவனம் வேறு பக்கம் போனதும் தணியும், சில நேரம் நின்றேவிடும். அப்புறம், மற்றக் கையால் மருத்துவர் காட்டும் வேகத்தில் தட்டச் சொல்வார்கள். பார்க்கின்சன் கை விநாடிக்கு 4 முதல் 6 முறை என்ற தன் போக்கிலேயே ஆடிக்கொண்டிருக்கும். இந்தக் கை அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும், இல்லையென்றால் தடுமாறி நிற்கும்.

ஆக, செயல் தொலைந்துபோகவில்லை, தடுமாறியிருக்கிறது. முதலில் ‘செயல்பிறழ்வு’ என்றுதான் எழுதினேன். ‘மனப்பிறழ்வு’ வாடை அடிக்கிறது என்று ஓர் அம்மையார் சொன்னது சரியே. என் முன்மொழிவு: செயல்தடுமாற்றம். பேச்சிலும் நடையிலும் தடுமாற்றம் என்று ஏற்கெனவே சொல்கிறோம், அதில் யார்மேலும் பழி இல்லை. தடுமாறியவர் சமாளித்து நிற்கலாம் என்பதும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இயன்முறைப் பயிற்சியில் தேறுபவர்கள் இருக்கிறார்கள். ‘பார்க்கின்சன், உடன் செயல்தடுமாற்றம்’ என்று குறிப்பேட்டில் ஒரே வரியில் எழுதிவிடலாம். புணர்ச்சி விதிப்படி ‘செயற்றடுமாற்றம்’ ஆக்க வேண்டும் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள், நோயாளி உண்மையிலேயே தடுமாறுவார்.

> நோய் இல்லாமல் அதன் குறிகள் மட்டும் தெரிவதற்குப் ‘பார்க்கின்சனியம்’?

மார்க்சியம், பெண்ணியம் வரிசையில் ஏதோ கொள்கைபோல் இருக்கிறது. ‘பார்க்கின்சன் சாயல்’ போதாதா? மருந்தால் வரும் சாயல், செயல்தடுமாற்றச் சாயல் என்று வகை பிரிக்கவும் வசதி.

மற்றக் கையின் தாளத்தை நடுக்கம் பிடித்துக்கொள்வதற்கும் ஒரு சொல் வேண்டும். ‘தாளத்தொற்று’ என்று குறித்து வைத்தேன், தொற்று என்றதும் கிருமி நினைவுக்கு வருகிறது. இப்போதைக்குத் ‘தாளம்பற்றல்’. வேறு தோன்றினால் எழுதுங்கள்.